ஏழு அண்ணனுக்கு ஒரு தங்கச்சி

எனக்கு அண்ணன் ஏழு பேருங்க. கூடப் பொறந்தவன் ஒருத்தன்கூட இல்லை. நாலு பெரியப்பன் ஊட்டுல ஆளுக்கு ஒரு பையன், பாட்டனோட தம்பி வழியில மூணு பேரு, ஆக ஏழு. அந்த ஏழு பேருக்கும் சேர்த்து தங்கச்சின்னு இருக்கறவ நான் ஒருத்திதான். பேரு பூவாத்தா. சிரிக்காதீங்க, குலசாமி பேரு அது.

ஏழு அண்ணன் இருந்தா மகராசியாட்டம் இருக்கலாம்னு நினைப்பீங்க. இருக்கலாம், கல்யாணம் வராத வரைக்கும். எங்க சனத்துல முகூர்த்தத்துக்கு முந்தி இணைச்சீர்னு ஒண்ணு உண்டு. மாப்பிள்ளையோட அக்காளோ தங்கச்சியோ, கல்யாணப் பொண்ணாட்டமே சிங்காரிச்சுக்கிட்டு அவன் பக்கத்துல உக்காரணும். பொண்ணுக்குக் கட்டப்போற கூறைச்சேலைல ஒரு தலைப்பை அவன் புடிச்சுக்குவான், மறு தலைப்பை இவ புடிச்சுக்குவா. சீரை நடத்தி வெக்கறவரு அருமைக்காரர். அவரு இவளைப் பார்த்துக் கேப்பாரு, "உனக்குப் பொறக்கற பொண்ணை உன் அண்ணன் பையனுக்குக் குடுப்பியா அம்மணி?" இவ "குடுக்கறனுங்க"ன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் தாலி, மாலை எல்லாம். பொறந்தவ இல்லாத மாப்பிள்ளைக்கு மணை ஏற வழியில்லை.

மொத மொதல்ல உக்கார்ந்தப்ப எனக்குப் பதினாலு வயசு. கல்யாணமே ஆகாத நான், பொறக்காத பொண்ணை, பொறக்காத மாப்பிள்ளைக்குத் தாரேன்னு ஊரு முன்னால வாக்குக் குடுத்தேன். கன்னத்துல பூசின சந்தனம் அரிச்சுது, சொறியக் கூடாதுன்னாங்க. அப்பறம் ரெண்டாவது அண்ணன், மூணாவது அண்ணன். ஆறு அண்ணனுக்கும் உக்கார்ந்து, ஆறு பேருக்கும் "குடுக்கறனுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். எனக்கு இருந்ததோ ஒரே பொண்ணு, தாரணி. பாவம் அவ, நாலு வயசுலயே ஆறு மாமன் ஊட்டுக்கு மருமக.

ஏழு பேருக்கும் நான் ஒருத்தின்னு ஏன் ஆச்சுன்னு கேட்டா, எங்க ஊர்ல கிணத்தைக் காட்டுவாங்க. அவிநாசிக்குத் தெக்கால எங்க பாட்டனுக்கு ஒரு தோட்டம், அதுல ஒரே கிணறு. பாட்டன் போனதும் அஞ்சு பசங்களும் தோட்டத்தைப் பிரிச்சுக்கிட்டாங்க. கிணத்தைப் பிரிக்க முடியுமா? முறை வெச்சுக்கிட்டாங்க. ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் போட்டுக்கலாம், அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி. எங்க பெரியப்பன் பொங்கியண்ணன் வாய்க்கால் மேட்டுல உக்கார்ந்து சொல்லுவாராம், "ஆளுக்கு ரெண்டு பையன் ஆச்சுன்னா பத்து நாளைக்கு ஒருக்காத்தான் முறை வரும். பருத்தி அதுவரைக்கும் உசுரோட நிக்குமாடா?" அவ்வளவுதாங்க. மொதல்ல பையன் பொறந்துட்டா அடுத்த மாசமே குடும்பக்கட்டுப்பாடு கேம்ப்புல போய் ஆபரேசன். ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு வளர்த்தாங்க. நாலாவது பெரியப்பன் ஊட்டுல மொதல்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு, காய்ச்சல்ல போயிருச்சுன்னாங்க. பாட்டனோட தம்பி வழியிலயும் ஒண்ணு அப்படித்தான். பொண்ணுகளுக்கு மட்டும் வர்ற காய்ச்சல் அது. நான் பொழைச்சதுக்குக் காரணம், என்னைப் பெத்ததோட எங்கம்மாவுக்கு வவுத்தைக் கிழிச்சுக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இனிமே வேற வழியில்லைன்னு என்னை விட்டுட்டாங்க. நான் இப்படிச் சொன்னா எங்கம்மாவுக்குக் கோவம் வரும். வரட்டும்.

தொண்ணூத்தொண்ணுல சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியாரு ஊடு ஊடாப் போய் எழுதிப்போட்டு, "இந்த வளவுல பொம்பளைப் புள்ளைகளே கண்ணுல படலீங்களே"ன்னாராம். "இருக்காளுங்க ஒருத்தி, சூலூர்ல கட்டிக் குடுத்திருக்கோம்"னு பெரியம்மா பெருமையாச் சொன்னாங்களாம். கணக்குல மொத்தமா நான் ஒருத்திதான்.

ஆமா, என்னைச் சூலூர்ல கட்டிக் குடுத்தாங்க. எம் புருசன் பேரு பாலகோபால், தறிப்பட்டறை வெச்சிருக்காரு, எட்டுத் தறி. நல்ல மனுசன். ஆனா வாயில கொழுக்கட்டை வெச்சிருக்கற சாதி, எதையும் சட்டுனு சொல்ல மாட்டாரு. அவருக்கும் கூடப் பொறந்தவ கிடையாது. எங்க கல்யாணத்துல இணைச்சீருக்கு அவங்க பெரியப்பா பொண்ணைப் பொள்ளாச்சில இருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவ மணைல உக்கார்ந்து கூறைச்சேலையைப் புடிச்சப்ப எங்க அத்தை மாரியாத்தா, அதான் மாமியா, தூணுக்குப் பின்னால போய் நின்னு அழுதாங்க. பையனுக்குக் கல்யாணம் ஆகற சந்தோசம்னு நினைச்சுக்கிட்டேன்.

தொண்ணூத்தாறு வைகாசில ஏழாவது அண்ணன் ரவிக்குமாருக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மூத்த பெரியப்பன் பொங்கியண்ணனுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்த பையன். நாலு வருசமாப் பொண்ணுத் தேடினாங்க. போற ஊர்ல எல்லாம் பையன்தான் இருந்தான், பொண்ணு இல்லை. இருக்கற ஒண்ணு ரெண்டும் "படிச்ச மாப்பிள்ளை வேணும், தோட்டத்துல இருக்கறவன் வேண்டாம்"னுதுக. கடைசில பொள்ளாச்சிக்கு அக்கட்டால ஒரு இடம் அமைஞ்சுது. அவனோட அம்மா, எங்க மூத்த பெரியம்மா, பத்திரிகையோட சூலூருக்கு வந்து, "பூவாத்தா, நீ இருக்கற தைரியத்துலதான் தேதி வெச்சிருக்குது"ன்னாங்க.

அப்ப நான் நாலு மாசம் முழுகாம இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தையும் அவரும் என்னைக் கோயமுத்தூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தாங்க. எந்த எடம்னு கேக்காதீங்க. பொண்ணா பையனான்னு சொல்ல மாட்டோம், சொல்றது சட்டப்படி குத்தம்னு செவுத்துல பெருசா போர்டு மாட்டியிருந்துச்சு. அந்தப் போர்டுக்குக் கீழயே நின்னு ஸ்கேன் எடுத்த அம்மா அத்தை காதுல சொன்னா. அத்தை மொகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

பஸ்ல திரும்பினோம். சிங்காநல்லூர் தாண்டினதும் அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டு, "கண்ணு, ஒரு பொண்ணு போதும். ரெண்டு பொண்ணைக் கரை சேர்க்க எட்டுத் தறியால முடியாது. பையனா இருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன்"னாங்க. கல்யாணம் ஞாயித்துக்கிழமை. அது முடிஞ்சு புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்களாம். நான் அவரைப் பார்த்தேன். அவரு சன்னலுக்கு வெளியில பார்த்தாரு.

பொய் சொல்ல மாட்டனுங்க. நானும் சரின்னுதான் சொன்னேன். தாரணி ஒருத்தியையாவது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்க வெக்கலாம்னு என் புத்தியும் கணக்குப் போட்டுச்சு. அன்னைக்கிப் பொழுதோட தறிப்பட்டறைப் பக்கம் போனேன். எங்க தறி ஓட்டற மாசாணம் தெக்க இருந்து பொழைக்க வந்தவன், மூணும் பொண்ணு அவனுக்கு. எங்க சனத்துப் புள்ளைக ஊட்டுக்கு ஒண்ணா வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போயிருதுக, ஊர்ப் பள்ளிக்கூடத்துல இப்ப பாதிக்கு மேல இவனாட்டம் பொழைக்க வந்தவங்க புள்ளைகதான். அந்த மூணும் பாவு நூல் சுத்தின பழைய கட்டையை உருட்டி விளையாடிக்கிட்டு இருந்துச்சுக. "மூணையும் எப்படிரா கரை சேர்ப்பே?"ன்னு கேட்டேன். "அதுகளே சேர்ந்துக்குமுங்க அக்கா"ன்னு சிரிச்சான். எனக்கு அவன் மேல கோவங்கோவமா வந்துச்சு. எதுக்குன்னு தெரியலை.

சனிக்கிழமையே அவிநாசி மண்டபத்துக்குப் போயிட்டோம். பொழுது எறங்கற நேரம், நான் சமையக்கட்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட தாரணிக்குக் கால் கழுவிக்கிட்டு இருந்தேன். உள்ள அத்தையும் பெரியம்மாவும் காய் அரிஞ்சுக்கிட்டே பழமை பேசிக்கிட்டு இருந்தாங்க. அத்தை மெல்லமா விசயத்தைச் சொல்றது கேட்டுது. புதன்கிழமைங்கறதும் கேட்டுது. பெரியம்மா என்ன சொல்லப் போறாங்கன்னு கையில தண்ணிச் சொம்போட நின்னேன். என்னைத் தூக்கி வளர்த்தவங்க. "அடப் பாவமே"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு நினைச்சேன்.

"அதுவும் சரிதானுங்க சம்பந்தி"ன்னாங்க பெரியம்மா. "இந்தக் காலத்துல ரெண்டு பொண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது."

அப்படிச் சொல்லிப்போட்டு அதே மூச்சுல வெளிய எட்டிப் பார்த்து, "பூவாத்தா, இங்கியா இருக்கறே? காலைல நாலரைக்கே எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ கண்ணு. நீ இல்லாட்டி எங்களுக்குச் சீரே இல்லை"ன்னாங்க.

"சரிங்க பெரியம்மா"ன்னேன். தாரணி காலைத் தொடைச்சு விட்டேன். சொல்றேன் கேளுங்க, எனக்கு வந்த கோவத்துல அந்தச் சொம்பை எடுத்து வீசியிருப்பேன். வீசி என்ன பண்றது? என்னைய மாதிரி ஒருத்தியை ஊடு ஊடா வேண்டாம்னு சொல்லிப்போட்டு, இன்னைக்குச் சீருக்கு மட்டும் நான் வேணும்னா எங்க போறது. என் வவுத்துல இருக்கறவளும் நாளைக்கு எவனோ ஒருத்தனுக்குத் தங்கச்சிதான, அக்காதான. அது இவங்க யாருக்கும் தோணலையேன்னு இருந்துச்சு. எனக்கே அப்பத்தான் தோணுச்சு.

முகூர்த்தம் ஏழரைக்கு. அஞ்சரைக்கு என்னைச் சிங்காரிச்சு மணைல உக்கார வெச்சாங்க. பக்கத்துல ரவி அண்ணன் பட்டு வேட்டியோட வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருந்தான். மண்டபம் நெறைய ஒறம்பரைச் சனம். அருமைக்காரர் ஐயாசாமி கூறைச்சேலையைப் பிரிச்சு ஒரு தலைப்பை அண்ணன் கையில குடுத்தாரு, மறு தலைப்பை என் கையில குடுத்தாரு. என்னோட ஆறு சீரையும் நடத்தினவரு அவருதான். கண்ணை மூடிக்கிட்டே கேக்கற அளவுக்கு அவருக்கும் பழகிப்போன கேள்வி.

"உனக்குப் பொறக்கற பொண்ணை உன் அண்ணன் ரவிக்குமார் பையனுக்குக் குடுப்பியா அம்மணி?"

"எந்தப் பொண்ணைங்க?"ன்னு கேட்டேன்.

அவரு கண்ணைத் தொறந்தாரு.

"மூத்தவளை ஏற்கெனவே ஆறு பேருக்குச் சொல்லியாச்சுங்க. நீங்களே கேட்டு வாங்கினீங்க. ரெண்டாவது பொண்ணு இப்ப வவுத்துல இருக்குது. அதை வர்ற புதன்கிழமை கலைக்கப் போறோமுங்க. இல்லாத பொண்ணைக் குடுக்கறேன்னு எப்படிங்க நான் சொல்லட்டும்?"

நான் ஒண்ணும் கத்தலை. சாதாரணமாத்தான் சொன்னேன். முன்னால உக்கார்ந்திருந்த பொம்பளைங்க காதுல விழுந்துச்சு, அவங்க பின்னால இருந்தவங்களுக்குச் சொன்னாங்க, அப்படியே கடைசி வரிசை வரைக்கும் போச்சு. மேளக்காரரு வாசிக்கறதை நிறுத்திப்போட்டாரு. பெரியம்மா பதறிக்கிட்டு ஓடி வந்து, "ஏ அம்மணி, இதென்ன நேரங்கெட்ட நேரத்துல, மானத்தை வாங்கறே. குடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு"ன்னாங்க.

"வாயில வர்றதைச் சொல்றதுக்கு நான் ரேடியோவா பெரியம்மா? சொன்னா வாக்குங்க. சாமி முன்னால சொல்ற வாக்கு."

பொங்கியண்ணன் பெரியப்பா அருமைக்காரரைப் பார்த்தாரு. "வேற யாரையாச்சும் உக்கார வெச்சுக்கலாங்களா?"

"யாரு இருக்கறா, கூப்பிடுங்க"ன்னாரு ஐயாசாமி.

பெரியப்பா சுத்தியும் பார்த்தாரு. பங்காளி சனம் அத்தனையும் அங்க இருந்துச்சு. ஆறு அண்ணனுக இருந்தானுக, அவனுக பசங்க இருந்தானுக. தங்கச்சி முறைக்கு ஒருத்தி இல்லை. பெரியப்பா தோள்ல கிடந்த துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு அப்படியே உக்கார்ந்துட்டாரு. கிணத்துக் கணக்கு சரியாப் போட்ட மனுசன், இந்தக் கணக்கை விட்டுட்டாரு.

ரவி அண்ணன் என்னைப் பார்க்காம, கையில இருந்த சேலைத் தலைப்பைப் பார்த்துக்கிட்டே, "நீ சொல்ல வேண்டாம் பூவா. உனக்கு இஷ்டம் இல்லாம எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அத்தனை நேரம் கலங்கலை.

நான் எங்க அத்தையைப் பார்த்தேன். மொத வரிசைலதான் உக்கார்ந்திருந்தாங்க. "அத்தை, நீங்களே சொல்லுங்க. குடுக்கறேன்னு நான் சொன்னா அவ பொறக்கணும். நீங்க வேண்டாம்னா நான் எந்திரிச்சுக்கறேன். என்ன சொல்லட்டுமுங்க?"

அத்தை கண்ணு என் மேல இல்லை, என் கையில இருந்த கூறைச்சேலை மேல இருந்துச்சு. ஆம்பளைங்க பக்கத்துல ஒரு நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது. எம் புருசன் எந்திரிச்சு நின்னாரு. அந்தக் கொழுக்கட்டையை எப்பிடித்தான் முழுங்கினாரோ.

"புதன்கிழமை நாங்க எங்கயும் போகலீங்க"ன்னாரு. அவ்வளவுதான். மறுபடி உக்கார்ந்துட்டாரு.

அதுக்கப்பறம் அத்தை எந்திரிச்சு மணைகிட்ட வந்தாங்க. குனிஞ்சு, என் காதோரமா, "சொல்லு கண்ணு"ன்னாங்க.

"சத்தமாச் சொல்லுங்க அத்தை. நேத்தைக்கிப் பெரியம்மாகிட்ட மெல்லமாச் சொன்னீங்கல்ல."

அது கொஞ்சம் அதிகந்தான். தெரிஞ்சுதான் சொன்னேன். அத்தை நிமிர்ந்து நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "பொறப்பான்னு சொல்லு பூவாத்தா. எங்க ஊட்டுல பொறப்பான்னு சொல்லு"ன்னாங்க.

நான் அருமைக்காரர் பக்கம் திரும்பினேன். "பொறப்பாளுங்க. அண்ணன் பையனைக் கட்டிக்கறதும் கட்டிக்காததும் அவ பெரியவளானா அவளே சொல்லட்டுமுங்க. அவளுக்காக நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனாப் பொறப்பா."

ஐயாசாமி என்னையப் பார்த்தாரு, பெரியப்பாவைப் பார்த்தாரு, சுவத்துக் கடியாரத்தைப் பார்த்தாரு. ஆறே முக்கால். "இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை"ன்னாரு. "நேரமாச்சு. வாசிங்கப்பா மேளத்தை."

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுங்க. பெரியம்மா ஆறு மாசம் எங்கூடப் பேசலை. அப்பறம் அவங்க மருமக முழுகாம இருக்கறான்னு சொல்லி ஆள் விட்டாங்க, தானாப் பேசினாங்க. பொண்டாட்டியை எந்த ஸ்கேனுக்கும் கூட்டிக்கிட்டுப் போகலைன்னு ரவி அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னான்.

அந்த வருசம் ஐப்பசி மாசம், அடைமழை. சூலூர்லயே ஆஸ்பத்திரில எனக்குப் பொண்ணு பொறந்துச்சு. தெரிஞ்ச விசயந்தான், இருந்தாலும் நர்சம்மா "பொண்ணு"ன்னதும் நான் அத்தை மொகத்தைத்தான் பார்த்தேன். அவங்க கொழந்தையை வாங்கி, மடில போட்டுக்கிட்டு, பொடனில கைகுடுத்து ரொம்ப நேரம் உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அவரு வாசல்ல நனைஞ்ச குடையோட நின்னாரு.

ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் பேரு எழுத நோட்டோட வந்தாரு. நான் ஒரு பேரு யோசிச்சு வெச்சிருந்தேன், தாரணிக்குப் பொருத்தமா. அதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அத்தை, "செவ்வந்தின்னு எழுதிக்கோங்க"ன்னாங்க.

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. "இந்தக் காலத்துல போய்ச் செவ்வந்தியாங்க அத்தை? என் பேரைச் சொல்லிச் சிரிக்கறது பத்தாதுங்களா? பள்ளிக்கூடத்துல புள்ளைக கேலி பண்ணும்."

அத்தை தலையைத் தூக்கலை. கொழந்தையோட விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டே பேசினாங்க. "நம்ம பாலகோபாலுக்கு ரெண்டு வருசம் கழிச்சு ஒருத்தி பொறந்தா. மூணு நாள் இருந்தா. செவ்வந்தின்னு வெக்கலாம்னு இருந்தேன். பேரு வெக்க விடலை."

வாசல்ல நின்ன அவரு திரும்பிப் பார்த்தாரு. அவருக்கும் அது அன்னைக்குத்தான் தெரியும்.

எனக்கு எங்க கல்யாணத்துல அத்தை தூணுக்குப் பின்னால நின்னு அழுதது ஞாபகத்துக்கு வந்துச்சு. "யாரு விடலைங்க அத்தை?"ன்னு கேட்டேன்.

"யாருன்னு சொல்றது கண்ணு. எல்லாருந்தான்"னாங்க. அப்பறம் கொழந்தையை மாரோட சேர்த்து அணைச்சுக்கிட்டு, "நானுந்தான்"னாங்க.

நோட்டு வெச்சிருந்தவரு இன்னும் நின்னுக்கிட்டு இருந்தாரு. செவ்வந்தின்னே எழுதச் சொன்னேன்.